மருந்தடிக்காத வரிசை

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் குடையைக் கழுவி விரித்து வாசலில் காயவைத்தேன். நீங்கள் கண்மூடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. துணியில் தேயிலைக்கு அடிக்கும் செம்பு மருந்தின் வாடை இன்னும் போகவில்லை. நீலக் கறையும் அப்படியே.

இந்த வரவு செலவுத் திட்டத்தில் ஆராய்ச்சிப் பணம் கணினிப் பக்கம் திரும்பிவிட்டது. நேற்று, நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆராய்ச்சி அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது: அக்கரப்பத்தனைத் தோட்டச் சோதனையை நிறுத்த வேண்டும். மருந்தில்லாமல் கொப்புள நோயைத் தாங்குமா என்று நாம் விட்டுவைத்த அந்த ஒரு வரிசைத் தேயிலைக்கும் திங்கட்கிழமை தோட்டத் தொழிலாளி பெருமாள் அண்ணன் மருந்தடிப்பார். அடித்தால் இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் அதோடு சரி.

முன்பும் ஒருமுறை அடிக்கப் போனாரே, நினைவிருக்கிறதா? மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தபடி நின்றார்.

“அண்ணை, அதுக்கு நோய் வருத்தம் வருதோ எண்டு பாக்கத்தானே விட்டு வைச்சனாங்கள்?” என்றீர்கள்.

“எல்லாத்துக்கும் குடுத்துட்டு அதுக்கு மட்டும் இல்லேன்னா எப்படிங்க மிஸ்? பந்தியில ஒரு புள்ளைய மட்டும் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கு.”

கோபமாகப் போன நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அதன்பின் மருந்தடிக்கும் நாளெல்லாம் குடையோடு போய் அந்த வரிசையின் முனையில் நிற்பீர்கள். அவரும் அந்த வரிசைக்கு அடிக்காமல் தாண்டிப் போய்விடுவார்.

தொண்ணூறுகளில் பணம் கேட்கும்போதெல்லாம் கொழும்பில் ஒரே பதில்தான். “சண்டை முடியட்டும் எண்டினம். தேயிலைக்கு அது விளங்குமோ?” என்பீர்கள். இப்போது சண்டை ஓய்ந்திருக்கிறது. நம் முறை வரும் என்று நம்பியிருந்தேன்.

கோபப்படவும் முடியவில்லை. நேற்று மாலை என் தங்கை மகள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

“பெரியம்மா, எங்க ஸ்கூலுக்கும் கம்ப்யூட்டர் வருதாம். ஒழுகாத ரூம் எதுன்னு தேடிக்கிட்டு இருக்காங்க.”

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரைத் திட்டுவது? அவளுக்குக் கிடைத்தது சரி. அதற்காக நம் வரிசைக்கு இல்லை என்றானதும் சரியா? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பேசியிருப்பீர்கள். அதுதான் தொல்லை.

குடை காய்ந்துவிட்டது. எனக்கு இன்னும் எதுவும் தெளியவில்லை. ஆனால் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் அக்கரப்பத்தனைக்குப் போகப் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. பெருமாள் அண்ணன் வரும்போது அந்த முனையில் இந்தக் குடையோடு நிற்பேன்.