நீ வெல்ட் பண்ண விடாத சைக்கிள்

நேற்றுப் பின்னேரம் மகள் தன் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்துப்போட்டு, முன்பக்கத்தில் அதிர்வு தாங்கும் சொக் இறுகிவிட்டது என்று கழற்றத் தொடங்கினாள். உள்குழாயை இழுத்தெடுத்ததும் பழைய கிறீசும் புழுங்கிய றப்பரும் கலந்த மணம் எழுந்தது. அந்த மணத்தை முகர்ந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வன்னியில், துணுக்காயில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருந்த கிடுகு வீட்டுக்கு அந்தச் சைக்கிள் வந்த நாள் நினைவிருக்கிறது. நீ உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்த மருத்துவிச்சி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் மலைச் சைக்கிளை உங்கள் சுகாதார நிலையத்துக்குக் கொடுத்திருந்தார். முன்சக்கரத்தின் இரு பக்கமும் குழாய்க்குள் குழாய். அழுத்தினால் அமிழும், விட்டால் எழும். வேறு எவரும் அதைத் தொடவில்லை. நீதான் கைபிடிக் கான்டிலின் முன்னால் தடுப்பூசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறி ஓடினாய்.

போர்க்காலத் தடையால் வாகனத்துக்கு எண்ணெய் இல்லாத காலம். வாய்க்காலுக்கு அப்பால், காட்டோரத்தில், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய சனத்தின் கொட்டில்கள் இருந்தன. அங்கே போகிற பாதை முழுக்கக் குழியும் வேரும். சாதாரணச் சைக்கிளில் கொண்டுபோனால் மருந்துப் போத்தல்கள் ஒன்றோடொன்று அடிபட்டு உடைந்துவிடும். இந்தச் சைக்கிள் வந்த பிறகுதான் அந்தப் பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஊசி கிடைத்தது.

ஒருநாள் மத்தியானம் முழங்கை தோலுரிந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாய். குழியொன்றில் முன்பக்கம் முழுவதுமாக அமிழ்ந்து, ரயர் மேலே முட்டிச் சக்கரம் இறுகி, உன்னைத் தூக்கி எறிந்திருக்கிறது. பெட்டிக்குள் பாதி மருந்து நாசம். அடுத்த நாள் உங்கள் சுகாதார நிலையப் பொறுப்பாளர் வீட்டு வாசலுக்கே வந்தார்.

“பிள்ளை, உந்தக் குழாயை வெல்ட் பண்ணி இறுக்கிப் போட்டு ஓடும். இல்லாட்டிச் சைக்கிளை ஸ்டோருக்கு விடும். அந்தச் சனத்தை இஞ்சை வரச் சொல்லலாம்.”

“பெத்து பத்து நாளான மனிசி அந்த வெயிலுக்குள்ளை எப்பிடி நடந்து வாறது ஐயா?” என்றாய்.

“அதுக்கு நான் என்ன செய்ய? உது எங்கடை றோட்டுக்குச் செய்த சாமான் இல்லை.”

“எங்கடை றோட்டுக்கு எண்டு ஆரும் ஒண்டும் செய்து தரமாட்டினம். நாங்கள்தான் செய்யவேணும். வெல்ட் பண்ண விடமாட்டன்.”

அவர் திரும்பிப் போய்விட்டார். நீ என்னைப் பார்த்து, “கணக்கு ரீச்சர், வாரும். கழட்டிப் பாப்பம்” என்றாய். கோபம் வந்தால்தான் நீ எனக்கு ‘நீர்’ போடுவாய்.

கழற்றினோம். குழாய்களுக்குள் இரும்புச் சுருள்வில் இருக்கும் என்று நினைத்திருந்தோம். கம்பியில் கோர்த்த றப்பர்த் துண்டுகள்தான் இருந்தன, அதுவும் வெல்லப்பாகு போல இளகி, தொட்டால் விரலில் ஒட்டும் நிலையில். அவை தாங்காததால்தான் முன்பக்கம் அளவுக்கு மீறி அமிழ்ந்திருக்கிறது.

லொறி ரயரை வெட்டிக் கோர்த்தோம். நீ ஏறி இருந்து குலுக்கிப் பார்த்தாய். அசையவேயில்லை. “இதுக்கு வெல்டே பண்ணியிருக்கலாம்” என்று சிரித்தாய். பழைய செருப்புகளின் அடியை வெட்டிப் போட்டோம். ஏறினவுடனேயே அடிவரை போய் ரயர் முட்டியது. பிறகு கடினமான துண்டும் மெதுவான துண்டுமாக மாறிமாறிக் கோர்த்தோம். ஒரு பக்கம் உயர்ந்து கான்டில் இழுத்தது, சீவிச் சமப்படுத்தினோம். எவ்வளவு அமிழ்கிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. உன் தலைமயிர் றப்பரைக் கழற்றி உள்குழாயைச் சுற்றிப் போடச் சொன்னேன். பெட்டிக்குள் செங்கல் வைத்துக் குழிக்குள் ஓடிவிட்டு வந்தாய். அமிழ்ந்த தூரம் வரை அந்த றப்பர் மேலே தள்ளப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ரயர் முட்டும். உள்ளே ஒரு குழாய்த்துண்டை வெட்டிப்போட்டு, அதற்கு மேல் அமிழாமல் தடுத்தோம்.

“அமிழுற தூரம் குறைஞ்சு போச்சே,” என்றேன்.

“குறையட்டும். முட்டாமல் போய் வந்தாக் காணும்.”

அந்தக் கிழமையே காட்டோரத்துக்குப் போனாய். நானும் என் சைக்கிளில் பின்னால் வந்தேன். முதல் கொட்டிலில் இருந்த பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். “விழுந்துட்டீங்கன்னு சொன்னாங்க மிஸ். இனிமே வரமாட்டீங்கன்னு நெனச்சோம்,” என்றாள். நீ பெட்டியைத் திறந்து காட்டினாய். ஒரு போத்தல்கூட உடையவில்லை. பிள்ளை வீரிட்டு அழுதபோது நீ சிரித்த சிரிப்பை, ஊசி போட்ட சந்தோஷம் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். பொறுப்பாளரை வென்ற சிரிப்பு அது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாரியில் உனக்கு மலேரியா வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். தேவையான மருந்து வவுனியாவில் இருந்தது. இராணுவம் அதை வன்னிக்குள் விடவில்லை. உன் செத்த வீட்டில் ஒருவர், “காட்டு றோட்டெல்லாம் சைக்கிளோடிப் பிள்ளை தன்ரை உயிரை விட்டிட்டுது,” என்றார். அழுதுகொண்டிருந்த நான் எழும்பினேன். “இல்லை. அவள் சைக்கிளோடிச் சாகேல்லை. காய்ச்சலுக்கு மருந்து விடாமல்தான் செத்தவள். சொல்லுறதெண்டாச் சரியாச் சொல்லுங்கோ,” என்றேன். அதுவரை நான் பெரியவர்களுக்கு எதிரே குரலுயர்த்தியதில்லை.

சைக்கிளை ஸ்டோருக்குக் கொண்டுபோக ஆள் வந்தபோதும் நான் கொடுக்கவில்லை. உன் இடத்துக்குப் புது மருத்துவிச்சி வரும்வரை வைத்திருந்து அவளுடைய கையில்தான் கொடுத்தேன். அவள் உன்னைவிடப் பாரம் குறைந்தவள். இரண்டு துண்டு றப்பரை மாற்றி, அவளுக்கு ஏற்றபடி அமிழச் செய்து, முதல் தடவை காட்டோரம்வரை கூடப்போனேன்.

இப்போது நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர். போன மாதம் கல்வி அதிகாரிகள் கூட்டிய கூட்டத்தில், தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் தர வழியில்லை, இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு, பதில் கிடைக்கும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. வயது போனால் கோபம் குறையும் என்று பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொன்னார். எனக்குக் குறையவில்லை. அது உன்னிடமிருந்து வந்த கோபம். அதைத் தணியவிட எனக்கு உரிமையில்லை.