என் சைக்கிளில் கை வைத்தவருக்கு

மார்ச் 4

என் கணவருக்கு,

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன், இங்கே குழந்தை தூங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு நேற்று வீட்டுக்கு வந்தால், என் ஹைபிரிட் சைக்கிளின் எலும்புக்கூடுதான் நிற்கிறது. நேரான ஹேண்டில்பார் போய், கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஒன்று. அகலமான டயர் போய், விரல் தடிமனில் ஒன்று. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? ஆறு கடை ஏறி இறங்கி நான் பார்த்து வாங்கியது அது. முதுகு நிமிர்ந்து உட்காரலாம். தார் ரோட்டிலும் ஓடும், ஏரிக்கரைச் சரளையிலும் ஓடும், பையை வைத்துக்கொண்டு மருந்துக்கடை வேலைக்கும் போகலாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கி வைத்திருக்கிறீர்கள். கை சும்மா இருக்காதென்றால் உங்கள் ரேஸ் சைக்கிளைப் பிரித்திருக்கலாமே!

மருந்துக்கடைக்காரி

மார்ச் 7

கோபக்காரிக்கு,

ஒரு ஹேண்டில்பாருக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? இரண்டு ஞாயிறு குனிந்து வேலை பார்த்தேன். வண்டியின் எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. நாம் ஓட்டப் போகும்போது நீ பின்தங்குவதால் ஒவ்வொரு முக்கிலும் நான் நின்று வாட்ச்சைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து போகத்தானே செய்தேன்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். போதும், வா.

உன் ஃபிட்டர்

மார்ச் 10

ஃபிட்டருக்கு,

கிளம்பும் முன் நீங்கள் மாற்றிவைத்ததைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். கழுத்துப் பிடிப்பு இன்னும் விடவில்லை.

சேர்ந்து போகவா? ஆறு வருடமாக ஞாயிறுதோறும் நான் பார்த்தது உங்கள் முதுகைத்தான். முக்கில் வந்து சேர்ந்தால், "என்ன, தூங்கிட்டியா?" நான் மூச்சு வாங்குவதற்குள் கிளம்பிவிடுவீர்கள். அந்த ஏரியில் வாத்து இருப்பதாவது தெரியுமா? நான் பின்தங்கவில்லை. என் வேகமே அதுதான், எனக்கு அதுதான் பிடிக்கும். அதற்கேற்ற வண்டியை வாங்கினேன். அதையும் உங்களைப் போல ஆக்கிவிட்டீர்கள். வயிற்றெரிச்சல் அதில்தான்.

இன்னொரு ஹைபிரிட் வாங்கிவிட்டேன். "எங்க வீட்டுக்காரர் வந்து எதையாவது மாத்தச் சொன்னா மாத்திடாதீங்க" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் இருப்பேன். உங்கள் ஒல்லி டயர் சரளையில் ஓடாதென்றால் உருட்டிக்கொண்டு வாருங்கள். வருவதானால் என் பக்கத்தில் வர வேண்டும். முந்திப் போனீர்களானால் எந்த முக்கிலும் எனக்காக நிற்க வேண்டாம். அப்படியே உங்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

மெதுவாகப் போகிறவள்