பதில் வராத வீடு

அக்டோபர் 13, திங்கள்

எங்கள் கம்பெனி வீடுகளுக்கு ஆக்சிஜன் மிஷின் வாடகைக்குக் கொடுக்கிறது. புகார்களைக் கவனிக்கப் புது சாஃப்ட்வேர் வருகிறது. யார் கூப்பிடுகிறார்கள், எதற்கு, எப்போது ஒரு புகார் முடிந்ததாக வைப்பது — இதையெல்லாம் நான் எழுதித் தரவேண்டுமாம். கடைசிக் கேள்விக்கு மேனேஜர் சுனில்குமார் சார் சொன்னது: “சரியாச்சான்னு மெசேஜ் போகும். பதில் வரலேன்னா சரியாச்சுன்னு அர்த்தம்.”

அப்படியே எழுதிவிட்டேன். மூச்சு முட்டுகிறவர் எப்படிப் பதில் அனுப்புவார்? கேட்க வாய் வரவில்லை. புதுசாகச் சேர்ந்தவள் நான்.

அக்டோபர் 16, வியாழன்

வருகிற புகார்களை வைத்தே சோதனை ஓட்டம். எல்லாப் புகாரும் தீர்ந்ததாகக் காட்டுகிறது. சாருக்குச் சந்தோஷம். பதில் வராதவை எத்தனை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 18, சனி

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

நேற்று மலைப்பக்கம் பெருமழை. வெள்ளறடையிலிருந்து ஜெயபாய் அக்கா கூப்பிட்டிருக்கிறார், மிஷின் அலாரம் அடித்துக் கூவுகிறதென்று. அவர் கணவர் கனகதாஸுக்கு அதுதான் மூச்சு. ‘பிளக்கைப் பார்க்கவும்’ என்று சாஃப்ட்வேரிலிருந்து ஒரு மெசேஜ். பிறகு ‘சரியாகிவிட்டதா?’ பதில் இல்லை. தீர்ந்ததாம்.

காலையில் இதைப் பார்த்துக் கூப்பிட்டேன். போன் ஆஃப். “ரேஞ்ச் இருக்காது. பேடிக்காதே,” என்றார் சார். பயப்படாமல் இருக்க முடியவில்லை. டிரைவர் தீபுவின் ஆட்டோவில் ஒரு சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ரப்பர் மரம் முறிந்து கரண்ட் கம்பியில் கிடக்கிறது. கரண்ட் இல்லாமல் அந்த மிஷின் ஓடாது. வீடு பூட்டியிருந்தது. ஐயோ, முடிஞ்சுதா? பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்: “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு!”

ஐசியு வாசலில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“மெசேஜ் வந்துது மக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா. நீங்க வாறீங்கன்னாக்கும் நெனச்சேன். ரோட்டையே பாத்துட்டு இருந்தேன்.”

அக்டோபர் 19, ஞாயிறு

ஆள் பிழைப்பாரா? போன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

அக்டோபர் 21, செவ்வாய்

அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்: ‘பதில் வராவிட்டால் அந்த வீட்டில் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளவேண்டும். உடனே கூப்பிடவேண்டும். எடுக்காவிட்டால் ஆள் போகவேண்டும்.’

“அதுக்கு நம்மட்ட ஆளு எங்க உண்டு ஸ்மிதா?”

“அந்த அக்காவ வந்து பாருங்க சார். பெறவு இந்த வரிய வெட்டுங்க.”

நானா சொன்னேன்? வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். சார் கார் சாவியை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, “நீ எழுதினது அப்படியே இருக்கட்டு,” என்றார்.

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. மிஷின் ஓடுகிறதா என்று எல்லா வீட்டையும் வரிசையாகக் கூப்பிடுகிறோம். பூவாரில் ஒரு வீட்டில் போன் எடுக்கவில்லை. சாரே சிலிண்டரோடு கிளம்பிப் போனார். வெள்ளறடையிலும் முதல் தடவை எடுக்கவில்லை. கனகதாஸ் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுபடி நம்பரை அழுத்தினேன். அடிக்கிறது, அடிக்கிறது. கடவுளே, எடுங்க அக்கா.

“ஆளு உண்டு மக்கா. கஞ்சி குடிக்காரு. எனக்குக் கை ஒழியல்ல, அதாக்கும் எடுக்கல்ல.”

அடுத்த வீட்டைக் கூப்பிட்டேன்.