தண்டவாளம் இருந்த வழி

3 மார்ச் 2024
வடக்கு பிரான்ஸ்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமா? விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று ஒரு மாதம் யோசித்தேன். போனில் பேசினால் உங்கள் காதில் சரியாக விழாது. அதனால் எழுதிவிட்டேன்.

டிராம் ஓட்டும் பயிற்சியில் தேறிவிட்டேன். போன வாரம் எங்கள் டெப்போ பக்கம் ரோட்டைத் தோண்டினார்கள். அடியில் துருப்பிடித்த பழைய தண்டவாளம்! அந்தக் காலத்தில் டிராம் டவுனோடு நிற்கவில்லையாம். கிழங்கு வயல்களுக்கு நடுவே ஓடி, சுற்றியிருந்த நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்கெல்லாம் போனதாம். வயலில் டிராம் என்றதும் உங்கள் நினைவுதான் வந்தது.

ஸ்டெல்லா


22 மார்ச் 2024
குருவிநத்தம்

அன்பு மருமகள் ஸ்டெல்லாவுக்கு,

ஐயா என்று எழுதியிருக்கிறாய். தாசில்தாருக்கு மனுப் போட்டது போல இருக்கிறது. கோர்ட்டு உன்னையும் எழிலரசனையும்தான் பிரித்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்காக மாமா என்று எழுது.

அத்தைக்கு மூட்டுவலி. ஆற்றில் தண்ணீர் இல்லை, கரும்பு பரவாயில்லை.

இருபத்தெட்டு வருஷம் பாகூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் கேட்கிறேன். ஒரே தண்டவாளமா, இரண்டா? ஒன்றென்றால் எதிரெதிரே வந்த வண்டிகளில் எது ஒதுங்கும்? காய்கறிக் கூடையை ஏற்றினார்களா? மழையில் வயல் இளகினால் என்ன செய்தார்கள்? அவ்வளவு நல்ல வண்டியை ஏன் நிறுத்தினார்கள்? விசாரித்து எழுது. பொம்பளை டிராம் ஓட்டுகிறாள் என்று டீக்கடையில் சொன்னேன். செல்லப்பன், "இன்னாபா, கதை வுடுற"ன்னு சிரிக்கிறான். சீருடையில் ஒரு போட்டோ அனுப்பு.

உன் மாமா,
சுப்புராயன்


14 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

லீவு நாளில் சைக்கிள் எடுத்துக்கொண்டு அந்த வழியிலேயே போய்ப் பார்த்தேன். ஒற்றைத் தண்டவாளம்தான். பாதி வழியில் பிரிந்து சேரும் ஓர் இடம் உண்டு. முதலில் வந்த வண்டி அங்கே காத்திருக்கும். கூடை, பால் கேன், ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறுமாம். ஷிப்ட் முடிந்து உடம்பெல்லாம் கரியோடு வருகிற சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கடைசிப் பெட்டி. அங்கே பயணிகள் காத்திருந்த கொட்டகை இப்போது ரொட்டிக்கடை. ஆனாலும் அந்த இடத்தை ஊரார் இன்னும் அவர்கள் பாஷையில் 'ஸ்டாப்பிங்' என்றே சொல்கிறார்கள்.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டீர்களே, பஸ் வந்துவிட்டது மாமா. உங்கள் ஆட்களின் வேலைதான்!

எழிலரசனுக்குக் கல்யாணம் நிச்சயமானதை என் தம்பி சார்லஸ் சொன்னான். சந்தோஷம், மனதார எழுதுகிறேன். வரப்போகிற பெண்ணுக்கு என் கடிதம் சங்கடமாக இருக்கும். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஸ்டெல்லா


9 ஜூலை 2024
குருவிநத்தம்

அன்பு மருமகளுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வேண்டுமென்றேதான் இத்தனை நாள் எழுதவில்லை. "இன்னும் இன்னா நைனா லெட்டரு?" என்று எழிலரசன் கேட்டுவிட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

ஆனால் பஸ்ஸைக் குறை சொன்னாயே, அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ் எந்தச் சந்துக்கும் போகும். அது உண்மை. எங்கள் முதலாளி ஒரு நாள் இந்த ஊர் டிரிப்பை நிறுத்தினார். மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழக்கமான இடத்தில் வந்து நின்றார்கள். பஸ் வேறு ரூட்டில் போய்க்கொண்டிருந்தது, நான் அதில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தை அப்படி ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போக முடியாது.

புது மருமகள் பெயர் செல்வகுமாரி. திருபுவனையில் கம்பெனி வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். மறைக்கக் கூடாது என்று உன் கடிதங்களை அவளிடமே கொடுத்தேன். உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். பிறகு, "மாமா, ஆம்பளைங்களுக்குக் கடைசிப் பெட்டி. வேலைக்குப் போன பொம்பளைங்க எதுல போனாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "எழுதிக் கேளுங்க" என்றாள். எழிலரசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

கேட்டுவிட்டேன்.

உன் மாமா,
சுப்புராயன்


2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கும் செல்வகுமாரிக்கும்,

இந்தக் கேள்விக்கு டெப்போவில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரம்மாதான் சொன்னார். அவருடைய அம்மா சுரங்கத்தில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கியவர். பொறுக்கும் பெண்களெல்லாம் டிக்கெட் எடுக்க மனமில்லாமல் தண்டவாளத்தின் ஓரமாகவே கூட்டமாக நடந்து போவார்களாம். டிராம் நின்று, இரும்பைப் பெயர்த்த பிறகும் அதே வழியில் நடந்தார்கள். நடந்து நடந்துதான் அந்த வழியில் புல் மூடவில்லை. நான் சைக்கிளில் போனது அவர்கள் போட்ட பாதையில்.

செல்வகுமாரி, உன் கம்பெனி பஸ் ஊருக்குள் வருகிறதா, இல்லை மெயின் ரோடு வரை நடக்கிறாயா? கூட யார் யார் வருகிறார்கள்? நீயே எழுது.

அன்புடன்,
ஸ்டெல்லா