டீசல் குடித்த திமிங்கிலம்

கோட்டைக்குப்பம்

அன்பு மருமகன் சிவகுமாருக்கு, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தனியரசு நடத்தும் உன் தாய்மாமன் செங்கல்வராயன் ஆசீர்வதித்து எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. அதனால் நீ மீன்பிடிக்கும் பஹ்ரைனுக்குத் திரும்பும் நம் ஊர் ரஞ்சித்குமார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எவராலும் நம்ப முடியாத கதை ஒன்றை இதில் சொல்வேன் என்று எல்லையம்மன்மேல் சத்தியம் செய்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். இந்த வருஷ மழையில் ஏரி பெருகி, என் வீட்டு அடுப்புக்குள் இறால் ஏறி, தானே வெந்து தட்டில் வந்து படுத்தது. உன் அம்மா இல்லை என்று சொன்னால் அவளுக்கு மறதி.

அந்த மழைக்குப் பிறகுதான் நம் மீனவர் சங்கத்து டீசல் பங்கில் டீசல் காணாமல் போனது. மீன்பிடி படகுக்கு மட்டும் வரியில்லாமல் தருகிற டீசல் அல்லவா? தொட்டியில் குறைந்தால் வெளியே லாரிக்காரனுக்கு விற்றதாகக் கணக்கு. குறைந்த அத்தனைக்கும் சங்கம் வரி கட்டவேண்டும்; வரியில்லா டீசலே நின்றாலும் நிற்கும். பங்கில் இருப்பு எழுதுகிற என் மகள் வெண்ணிலா தினமும் காலையில் தொட்டிக்குள் அளவுகோலை விட்டுப் பார்ப்பாள். தினமும் குறைவு. மண்ணுக்கடியில் ஒரு திமிங்கிலம் வந்து உறிஞ்சுகிறது, அதன் ஏப்பம் என் காதில் விழுந்தது என்று நான் சொன்னேன். ஊர் நம்பவில்லை. உன்னோடு நடக்கப் போகிற கல்யாணச் செலவுக்கு வெண்ணிலாதான் விற்றுவிட்டாள் என்று யாரோ சொன்னதை மட்டும் நம்பியது. அந்தப் பேச்சு கடல் தாண்டி உன்னிடமும் வந்துவிட்டது போலிருக்கிறது.

சங்கத் தலைவர் வரதன் வந்து, "இன்னாம்மா நீ, படகுக்காரங்க பேர்ல நாலு பில்லு போட்டு அட்ஜஸ்ட் பண்ணிடேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். "எனக்குத் தெரியும் பெரிப்பா. அப்படி எழுதினா அன்னிக்குத்தான் நான் திருடி" என்று சொல்லிவிட்டு, குறைவை உள்ளபடியே எழுதி வரி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

விசாரிக்க ஆபீசர் வந்தார். அவர் மீசை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது. அவர் அடுத்த பஸ்ஸில் வந்தார். அன்றும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தொட்டி புதைத்த இடத்தின்மேல் சிமெண்ட் தளம் இருக்கிறதே, அதில் செருப்பு நனையாமல் நிற்க அவர் இடம் தேடினார். ஒரு ஓரத்தில் தண்ணீர் குளமாக நின்றது. அளவுகோல் விடுகிற ஓரம் காய்ந்து கிடந்தது. வெண்ணிலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், முன்னெல்லாம் தண்ணி இப்படி ஒரு பக்கமா நிக்காது. படகு மூக்கைத் தூக்கினா உள்ள இருக்குற தண்ணி பின்னாடி போயிடும்ல? தொட்டியும் அப்படித் தூக்கினு இருக்கு சார். தூக்கின பக்கத்துலயே நாம அளந்துனு இருக்கோம்" என்றாள். நான் திமிங்கிலத்தின் தரப்பை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். "நைனா, நீ கம்முனு இரு" என்றாள்.

மறுமுனை மூடியைத் திறந்து அங்கேயும் கோலை விட்டார்கள். காணாமல் போனதெல்லாம் அங்கே சொகுசாகக் கிடந்தது! ஏரித் தண்ணீர் மண்ணுக்கடியில் ஊறி, பாதி காலியான தொட்டியை ஒரு பக்கமாக மிதக்க வைத்துவிட்டது. ஆபீசர் இரண்டு அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். குறைவும் இல்லை, வரியும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். படகுகளுக்கு டீசல் நிற்கவில்லை. வரதன் இப்போது என் மகளை 'ஆடிட்டரம்மா' என்கிறார். டீ கூட அவர் செலவு.

உன் அம்மா தை மாதத்தில் முகூர்த்தம் பார்க்கலாமா என்று கேட்கிறாள். உன் வாயால் வராமல் நான் என்ன சொல்வது? பெண்ணைப் பெற்றவன், அதிலும் புளுகன்; என் பேச்சை நீ நம்ப வேண்டாம். தொட்டியை ரஞ்சித் கண்ணால் பார்த்தான், அவனைக் கேட்டுக்கொள். கடல் உனக்கு நிறையக் கொடுக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் அவளை ஒரு தடவை கூப்பிடு.

நான் அளந்துவிட்டதை எல்லாம் கழித்துவிடு, மாப்பிள்ளை. ஊரே திருடி என்றபோது கண் கலங்காதவள், நீ முதல் தடவை போனை எடுக்காமல் விட்ட அன்று சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது மட்டும் உண்மை.

உன் மாமன்,
செங்கல்வராயன்