ஒரு நெல்லிடை கூடின கழுத்து

என் தங்கை பகவதியைக் கட்டி மச்சான் ஆவதற்கு வெகுகாலம் முன்பே எனக்குக் கூட்டாளியாகிவிட்ட தாணுவுக்கு,

நீ போன பிறகு எழுதும் முதல் கடிதம் இது. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. நீ கப்பலில் இருந்த காலத்திலும் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறாய் என்று தெரியாமல்தான் எழுதினேன். எப்படியோ அதெல்லாம் உன் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன. நாகர்கோவிலில் கச்சேரிப் பலகைகளில் மலையாள எழுத்தைச் சுரண்டிவிட்டுத் தமிழ் எழுதுகிறார்கள். நானும் இரண்டு பலகை இழைத்துக் கொடுத்தேன். நீ இருந்திருந்தால், "நாம நின்ன எடத்திலேயேதான் நிக்கோம் மக்கா, ராஜ்யந்தான் நடந்து வந்திருக்கு" என்று ஏதாவது சொல்லியிருப்பாய். நீ சொல்லாததை நானே சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெயின்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் பாடு தெரிந்ததுதானே. என் வீட்டுக்காரி போன நாளிலிருந்து என் அடுப்பை நானே பற்ற வைக்கிறேன், நானே அணைக்கிறேன். முன்பெல்லாம் அது பெரிதாய்த் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் உன் வீடு இருந்தது. இப்போதும் சாயங்காலம் உன் வீட்டுக்குத்தான் போகிறேன். பகவதி காப்பி தருவாள். எனக்கும் அவளுக்கும் பேச உன்னைத் தவிர வேறு விஷயம் இல்லை, உன்னைப் பற்றிப் பேசவும் இரண்டு பேருக்கும் வாய் எழும்புவதில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். கேட்டுக்கொள். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நீ கப்பலை விட்டு இருமலோடு வந்து இறங்கிய அன்று, கையில் ஒரு கித்தான் மூட்டை இருந்தது. சீமைப் பட்டு என்று ஒருவர் சொன்னார், சுவர்க் கடிகாரம் என்று இன்னொருவர் சொன்னார். அவிழ்த்தால் தலை ஒடிந்த ஒரு மின்சாரக் கிட்டார். கூட வேலை பார்த்த மணிலாக்காரன் கொடுத்தான் என்றாய். நான் அதை வாங்கித் தட்டிப் பார்த்தேன். உள்ளே வெற்றிடமே இல்லை, ஒரே கனத்த பலகை. கதவைத் தட்டினால்கூட இதைவிட நன்றாகக் கேட்கும் என்றேன்.

"இது தட்டிப் பாக்கப்பட்டது இல்ல, கேட்டியா? கம்பிக்கு அடியில காந்தம் இருக்கு. கம்பி அசைஞ்சா அதுக்குத் தெரியும். வயர ரேடியோப் பெட்டியில சொருகினா சத்தமா வரும்" என்றாய். "இதுக்கு ஒரு கழுத்தும் தலையும் மட்டும் செய்து தா மக்கா."

"நான் நிலையும் கதவும் செய்யுகவன்லே."

"கதவும் மரந்தான, கழுத்தும் மரந்தான?"

ஆசாரி வீட்டில் பிறந்து, ஊருக்குக் கரண்டு வந்ததும் உளியைப் போட்டுவிட்டுக் கம்பத்தில் ஏறியவன் நீ. உன் வாயை யார் அடக்க முடியும்?

பழைய பலா உத்தரம் ஒன்று என்னிடம் கிடந்தது. நன்றாய் ஆறின மரம், இனி வளையாது, வெடிக்காது. அதில் கழுத்தை அறுத்தேன். ஒடிந்த கழுத்துக்குள் ஓடிய இரும்புக் கம்பியை உருவி எடுத்து, இதற்குள் பள்ளமாய்க் காடி வெட்டிப் படுக்க வைத்தேன். மேலே விரல் ஓடும் பலகைக்கு ஈட்டி மரம். பழைய பலகையில் சுரம் பிரித்துக் காட்டிய உலோகக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, அதே இடைவெளியில் இதில் இறக்கினேன். பின்பக்கத்தைச் செதுக்கும்போது உன்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்து, இழைக்க இழைக்கக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம்... பைய... ஆங், போதும்" என்பாய். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த அந்த நாட்களில் காய்ச்சலில் உன் உள்ளங்கை எப்போதும் சுட்டுக்கொண்டிருந்தது. சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்து வழுவழுப்பாக்கின மரத்தில் அந்தச் சூடு கொஞ்ச நேரம் நிற்கும்.

தலைக்கு என்ன படம் வேண்டும் என்று கேட்டேன். பகவதி உள்ளேயிருந்தே சொன்னாள், "நண்டு வையி அண்ணே. கப்பல்ல இருந்து வந்ததுல இருந்து அவிய நேரா எங்க நடக்காவ?" கன்னியாகுமரிக்குப் போய்ச் சங்குக் கடைக்காரரிடம் நல்ல பளபளப்பான சிப்பி பொறுக்கி வந்தேன். மெல்லிய வாளால் ஒவ்வொரு காலாக அறுத்தெடுத்து, கல்லில் உரசி, மரத்தில் அதற்கேற்ற பள்ளம் தோண்டி, வச்சிரப் பசை தடவிப் பதித்தேன். கடைசிக் கால் உரசும்போதே முறிந்துவிட்டது. வேறு அறுக்கிறேன் என்றேன்.

"சவத்த விடு மக்கா. நண்டுக்குக் கால் போனா முளைக்கும்" என்றாய்.

நேற்றும் பார்த்தேன். முளைக்கவில்லை.

இனிதான் நம் சண்டை வருகிறது. கழுத்தின் நீளத்தைக் கோலில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். எந்த அளவுக்கும் வயது உண்டு என்பது நம் குலத்துக் கணக்கு. பிள்ளை, குமரன், வாலிபம், கிழம், கடைசியில் மரணம். அதற்குப் பிறகு மறுபடியும் பிள்ளையில் தொடங்கும். மரணத்தில் விழும் அளவில் நாம் ஒரு முக்காலிகூடச் செய்வதில்லை. மணிலாக்காரன் கழுத்தின் அளவு சரியாக மரணத்தில் வந்து நின்றது. குறைத்தால் கிழம், கூட்டினால் பிள்ளை. நீ இருமிக்கொண்டு கிடக்கிறாய், நான் வேறென்ன செய்வேன்? தலைப்பக்கம் ஒரு நெல்லிடை, ஒரு நெல்லின் அகலம், கூட்டி, கம்பிகள் ஏறி இறங்கும் எருமைக்கொம்புத் துண்டை அங்கே ஒட்டினேன். கதவு நெல்லிடைக்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நீ கம்பி கட்டி முறுக்கி, ரேடியோவில் சொருகி, ஒரு கம்பியை அழுத்தியும் இன்னொன்றை அழுத்தாமலும் தட்டினாய். முகத்தைச் சுளித்தாய். மறுபடியும் முறுக்கினாய். பிறகு பழைய கழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாய். சிரிப்பு இருமலாகி, பகவதி வெந்நீரோடு ஓடி வந்தாள்.

"வயசு பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப வெட்டுவ?"

"வெட்ட மாட்டேன்."

"ஏலே, விரல் வைக்காத கம்பி ஒண்ணு சொல்லுது, விரல் வச்ச கம்பி வேற சொல்லுது. ரெண்டுக்கும் ஆகாது. ஒரு நெல்லு கொறச்சா சரியாப் போவும்."

"நீ எழும்பி நடமாடு. அன்னைக்கு வெட்டுகேன்."

நீ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. எந்தக் கம்பியையும் சும்மா ஒலிக்கவிடாமல், ஒவ்வொரு சுரத்துக்கும் விரலை வைத்து அழுத்தியே வாசித்தாய். அப்படி வாசித்தால் பிசகு தெரியாது. ஆனால் விரலுக்கு ஓய்வும் கிடையாது. மணிலாக்காரன் சொல்லித் தந்த பாட்டில் பாதி வரும்போதே உனக்கு மூச்சு வாங்கும். நிறுத்திவிடுவாய். மீதிப் பாட்டை நானும் கேட்டதில்லை, பகவதியும் கேட்டதில்லை. "நெல்லு கொறயட்டும், மிச்சத்தையும் வாசிக்கேன்" என்பாய். நான் காது கேளாதவன் மாதிரி உளியைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

நீ எழும்பி நடக்கவில்லை.

போன வாரம் வழக்கம்போலப் போனேன். பகவதி காப்பி தரவில்லை. கிட்டார் இருந்த கித்தான் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, அவிய கேட்டதச் செய்யி."

"எது?"

"எது எண்ணு உனக்குத் தெரியாதா? அந்த நெல்லிடைய எடு. ஒரு தடவ இது சரியாப் பாடி நான் கேக்கணும்."

முடியாது என்றேன். அவளுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். இது இனி அவள் அறையில், அவள் கைப்படும் இடத்தில் இருக்கப் போகிற சாமான். தெரிந்தே மரண அளவில் வெட்டி அவளிடம் எப்படிக் கொடுப்பேன்? எனக்கென்று மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதானே? உன்னிடமிருந்து ஒளிக்க என்ன இருக்கிறது தாணு, எனக்குப் பயம். அவளும் போய்விட்டால் சாயங்காலத்தில் நான் எந்தப் பக்கம் நடப்பேன்?

அவள் அழவில்லை. எழுந்து போய் வாசல் நிலையில் கையை வைத்தாள். உங்கள் கல்யாணத்துக்கு நான் செய்துகொடுத்த நிலை அது.

"இது நீ அளவு பாத்துச் செய்த நிலதான?"

"ஆமா."

"நல்ல அளவா?"

"வாலிபம்."

"இது வழியாத்தான் அவியள வெளிய கொண்டு போனாவ."

நிலையை வைத்த அன்று நீ அதற்கடியில் நின்று, "நான் கெழவனாகி இதுல தல இடிக்கணும் மச்சான்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. கித்தானைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன்.

மறுநாள் வேறு வேலை தொடவில்லை. கம்பிகளைத் தளர்த்தினேன். கொம்புத் துண்டின் அடியில் சூடு காட்டி, வச்சிரம் இளகியதும் பெயர்த்தெடுத்தேன். ஈட்டியின் ஓரத்தில் ஒரு நெல்லை வைத்துக் கோடு கிழித்தேன். வாளை அந்தக் கோட்டில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உன் வீட்டில் உன்னைப் படுக்க வைத்திருந்த அன்றுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அன்றைக்குச் செய்ய ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். இதில் செய்ய ஒன்று இருந்தது. நீ உயிரோடு கேட்டபோதே செய்திருக்கலாம். வெட்டாமல் இருந்தால் உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது அன்புதான், நீயும் அதை அறிவாய். அறிந்துதான் விரல் நோக வாசித்தாய்.

வெட்டினேன். விழுந்த துண்டு நகத்து அளவுகூட இல்லை. கொம்பை நகர்த்தி ஒட்டினேன்.

வச்சிரம் காய்ந்ததும் பகவதியிடம் கொண்டுபோனேன். மத்தியான நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன தெரு வெறிச்சென்று கிடந்தது. தாலியறுத்த வீட்டில் பாட்டுச் சத்தமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தப் போனேன். "தொறந்தே கிடக்கட்டும்" என்றாள். ரேடியோவில் சொருகி, கம்பிகளை முறுக்கினாள். நீ சுருதி பார்க்கச் சொல்லிக்கொடுத்த விதத்தை அவள் மறக்கவில்லை. தடித்த கம்பியில் ஐந்தாம் கட்டையை அழுத்தித் தட்டினாள். பிறகு அடுத்த கம்பியை அழுத்தாமல் தட்டினாள்.

இரண்டும் ஒன்றையே சொல்லின.

அவள் அழுத்தியிருந்த விரலையும் எடுத்துவிட்டாள். அந்தக் கம்பியை மட்டும் மறுபடி தட்டினாள். நீ அத்தனை மாதமும் ஒலிக்கவிடாமல் வைத்திருந்த வெறும் கம்பி. ஒருவர் விரலும் அதன்மேல் இல்லை. அது வீடு முழுக்கக் கேட்டது, வாசல் நிலையைத் தாண்டித் தெருவுக்கும் போனது. அப்போதுதான் பகவதி அழுதாள். நானும் அழுதேன். நீ போன பிறகு நாங்கள் ஒன்றாய் இருந்து அழுதது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு காப்பி போட்டாள். உன்னைப் பற்றிப் பேசினோம். நீ நண்டு மாதிரி நடப்பதை அவள் நடந்து காட்டினாள்.

அங்கே உனக்கு மூச்சு வாங்குகிறதா தாணு? பாட்டை முழுசாய் வாசிக்க முடிகிறதா?

ஒரு வாக்குத் தருகிறேன். கடல்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்று நீ சொல்வாயே, துருப்பிடிக்க விடமாட்டேன். உளி பிடித்துக் காய்த்த இந்தக் கையால், உனக்கென்று இழைத்த கழுத்தைப் பிடித்து, அந்தப் பாதிப் பாட்டைப் பகவதியிடம் கேட்டுப் படித்துக்கொள்வேன். நீ நிறுத்தும் இடம் வந்ததும் நானும் நிறுத்துவேன். அதற்கப்புறம் வரவேண்டியது உன் முறை. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்போம்.

உன் பகவதிக்கு அண்ணனும்,
உன் பேச்சைக் கடைசியில் கேட்ட மச்சானுமான,
நாகப்பன்