எடைக்கல் பெட்டிக்குள் ஒரு தாள்

அத்தா,

உங்கள் திருத்துறைப்பூண்டி மளிகைக் கடையை இன்று காலி செய்தோம். எடைக்கல் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் விரித்திருந்த தாள் சீரக வாசனையோடு கையில் வந்தது. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்று ஓர் அட்டவணை. ஓரத்தில் என் பென்சில் எழுத்து. என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம்!

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீங்கள் நிறுத்திய வாரமே அந்தப் புத்தகத்தைக் காணோம். வீடெல்லாம் தேடி அழுதேன். "துபாய் மாப்பிள்ளைக்கு லெட்டர் எழுதத் தெரிஞ்சாப் போதாதா? இன்னும் என்னத்தப் படிக்கப் போற?" என்றீர்கள். பொட்டலம் மடிக்கக் கிழித்துவிட்டீர்கள் என்று இன்றுதான் தெரிகிறது.

போன வருடம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உங்கள் கழுத்துக் கட்டிக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கக் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? "இன்னைக்கு எலக்ட்ரான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் மிஷின் அறைப் பெண். "அது என்னம்மா? ஷாக்கடிக்குமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

டிபன் பாக்ஸில் இருந்த சுண்டலை மூடியில் வைத்துக் காட்டினேன். "அணுவுக்கு நடுவுல இது புரோட்டான், பாசிட்டிவ். பக்கத்துல நியூட்ரான், அதுக்குச் சார்ஜே கிடையாது. ரெண்டும் ஏறக்குறைய ஒரே எடை. எலக்ட்ரான் நெகட்டிவ், இதுங்களுக்கு வெளியில இருக்கும். ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம் சேந்தாத்தான் ஒரு புரோட்டான் எடைக்கு வரும். அதத்தான் மிஷின் வேகமா உள்ள அனுப்புது."

"அவ்ளோ லேசானதா என் கட்டியக் கரைக்கப் போவுது?" ஆயுசுக்கும் தராசு பிடித்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு கேட்டீர்கள்: "இதெல்லாம் உனக்கு எப்புடிம்மா தெரியும்?"

"ஒம்பதாவதுல படிச்சேன்."

பக்கத்து நாற்காலி நன்னிலத்துக்காரரிடம் திரும்பி, "எம்மவ சயின்சு படிச்சவ" என்றீர்கள். பெருமையாக! 'எங்கங்க படிக்க விட்டாரு?' என்று நாக்கு நுனிவரை வந்தது. முன்பின் தெரியாதவர் எதிரில் உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, விழுங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். ஊரானிடம் என்னைப் புகழ முடிந்தது, என்னிடம் இதைச் சொல்ல முடியவில்லை உங்களுக்கு. மௌத்தாகிக் கண்மூடும்வரை சொல்லவில்லை.

எடைக்கற்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். தாளை மட்டும் வைத்துக்கொண்டேன். எலக்ட்ரானின் நிறை இருந்த மூலை கிழிந்து போயிருக்கிறது. போகட்டும் அத்தா, அது எனக்கு மனப்பாடம்.